சுத்தியல் தொடாத மாதங்கள்

அப்பாவால் உட்கார முடியாது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

காப்பியை நின்றபடி குடிப்பார். தட்டில் மீனும் உருளைக்கிழங்கும் இருக்கும். ஒரு வாய் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார், அடுத்த வாய்க்கு மேசைக்குத் திரும்புவார். சமையலறைப் பலகைத் தரையில் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் இடையே அவர் நடந்து நடந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. சிறுவயதில் அதில் கோலிக்குண்டு விடுவேன். அடுப்படியில் விட்டால் ஜன்னல் வரை தானாக ஓடும்.

தேவாலயத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால் நிற்பார். படகிலும் நிற்பார். அப்பா பேர் ஹில்மார். ஹில்மார் உட்கார்ந்து பார்த்தது யார் என்று பக்கத்துத் தீவில் கேலியாகக் கேட்டுக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்கு எங்கள் ஊத்தர்வேர் தீவில் வாய்த்த வேலை, ஏயாக்களைப் பார்த்துக்கொள்வது.

ஏயா என்பது கடல்வாத்து. குளிர்காலம் முழுக்க அலைமேல் கிடக்கும். ஏப்ரலில் ஆணும் பெண்ணுமாகக் கரையேறி, நாங்கள் கட்டி வைத்திருக்கும் கல்வீடுகளுக்குள் நுழையும். வீடு என்றால் முழங்கால் உயரம். கரையொதுங்கிய பலகையில் கூரை, அதன்மேல் புல்மண், உள்ளே காயவைத்த கடற்பாசி. கவிழ்த்துப்போட்ட பழைய படகும் அவற்றுக்கு வீடுதான். படகுக்கொட்டகை மூலையும், எங்கள் வாசற்படிக்கு அடியும் அப்படியே. பெண் தன் நெஞ்சின் மெல்லிய தூவியைத் தானே பிடுங்கி முட்டைகளைச் சுற்றி வைத்து அடைகாக்கும். குஞ்சுகளோடு அது கடலுக்குப் போனபின் அந்தத் தூவி எங்களுக்கு, போர்வைக்குள் அடைக்க நல்ல விலைக்குப் போகும். அதற்குப் பதிலாக அண்டங்காக்கையையும் கடற்காகத்தையும் நீர்நாயையும் நாங்கள் விரட்டுகிறோம். தோலுக்காக வளர்க்கும் பண்ணைகளிலிருந்து தப்பி நீந்தி வந்த, கீரி போன்ற மிங்க்கையும் இப்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். பல தலைமுறையாக இதுதான் ஒப்பந்தம்.

அவை கேட்பது இரண்டே. சத்தம் கூடாது. புதியது எதுவும் கூடாது.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை ஊத்தர்வேரில் யாரும் சுத்தியல் தொடமாட்டோம். ரம்பமும் கூடாது. கொடியில் துணி காயப்போட மாட்டோம், காற்றில் படபடக்கும். நாய் வளர்ப்பதில்லை. வருகிற படகு வெளிப்பாறையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பு போட்டு வர வேண்டும். பறவைகளைப் பார்க்கிறவர் தினமும் அதே உடுப்பில், அதே நடையில் போக வேண்டும். மிரண்ட ஏயா முட்டையை விட்டு எழுந்துவிடும். மேலே கடற்காகம் அதற்காகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வருஷம் மிரண்ட தீவுக்கு மறுவருஷம் அவை வருவதில்லை.

வடக்கே ஸ்கார்வேரில் அப்படித்தான் ஆயிற்று. போர்க்காலத்தில் ஒரு வசந்தம் வீரர்கள் அங்கே சுட்டுப் பழகினார்கள். போர் முடிந்ததும் அந்தத் தீவுக்காரர்கள் கல்வீடுகளைச் செப்பனிட்டு, கடற்பாசி காயவைத்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பிறகு மனிதர்களும் போய்விட்டார்கள். இப்போது அங்கே ஒரு புகைபோக்கி நிற்கிறது. ஆலாப் பறவைகள் அதைச் சுற்றிக் கத்துகின்றன.

அப்பாவின் வாழ்நாள் பயம் அந்தப் புகைபோக்கிதான். ஊத்தர்வேரின் ஏயாக்கள் தன் காலத்தில் போய்விடுமோ, தன் காலாலேயே போய்விடுமோ என்று.

அவர் இந்த வேலைக்குப் பிறந்தவர் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆண்கள் குளிர்காலத்தில் மீனுக்கு வடக்கே போய்விடுவார்கள். ஏயா பார்ப்பது பெண்கள். அப்பா பதினாறு வயதில் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். பிறகு சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறை. அவர் அம்மாவுக்கு முழங்கால் போனபோது வேலை தங்கைக்குத்தான் வந்திருக்க வேண்டும். தங்கை அஸ்லௌக், என் அத்தை. அவர் சாதாரணமாகப் பேசினால் தீவின் மறுகரையில் ஆடு திரும்பிப் பார்க்கும். “மூணு மாசம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா செத்துடுவேன்” என்று சொல்லிவிட்டு, வேகா தீவில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே கடையில் வியாபாரம் பார்த்துவந்தார்.

அதனால் அப்பா திரும்பினார்.

முதல் வசந்தத்தில் பாதிக் கூடுகள் காலியாயின. அவர் மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் அவர் மெதுவே மற்றவர்களின் ஓட்டம். அடுத்த வருஷம் வாளியைக் கண்டுபிடித்தார். கிணற்றிலிருந்து தகர வாளியில் விளிம்பு வரை தண்ணீர் மொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு பறவைகளுக்கிடையே போவார். வேகம் வைத்தால் காலணிக்குள் சிந்தும். மே மாதத்திலும் அந்தத் தண்ணீரின் குளிர் எலும்பில் ஏறும். தீவை ஒரு சுற்று சுற்றி வந்து அதே கிணற்றில் கொட்டிவிடுவார். மறுபடி மொண்டுகொண்டு கிளம்புவார். அந்தத் தண்ணீர் எதற்கும் பயன்பட்டதில்லை. ஆனால் ஏயாக்கள் உட்கார்ந்திருந்தன. ஹில்மார் என்றால் அவற்றுக்குச் சாம்பல்நீலச் சட்டையும் ஒரு வாளியும்.

ஜூன் முடிவில் கடைசிக் குஞ்சும் தண்ணீரில் இறங்கிய அன்று, கருவிப்பெட்டியைத் திறந்து சுத்தியலை எடுப்பார். கரையில் கிடக்கும் பெரிய மரத்துண்டில் பகல் முழுக்க ஆணி அடிப்பார். எதையும் செய்வதற்காக இல்லை, சும்மா அடிப்பார். தண்ணீர் தாண்டிப் பக்கத்துத் தீவில் பேதர் மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்: “ஹில்மாருக்கு விடுதலை.”

அம்மா பேர் ஊட்னி. நகரத்துப் பெண். சிவப்புக் கோட்டு ஒன்று கொண்டு வந்திருந்தாள். ஏப்ரலில் அது பெட்டிக்குள் போகும், ஜூலையில் வெளியே வரும். “என் கல்யாணத்துல மூணு பேரு. நான், உங்கப்பா, வாத்து” என்பாள். கோபமாகச் சொன்னதில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில், மே மாதக் கடைசியில், பெருநிலத்து மருத்துவமனையில் அம்மா இறந்தாள். வேகா தேவாலயத்து மேட்டில் புதைத்தோம். அப்பா வரவில்லை. ஏயாக்கள் அடையில் இருந்தன. தீவில் வேறு ஆள் இல்லை.

அத்தை அதை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா கடைக்குப் போகும்போதெல்லாம் ஆட்கள் முன்னால் கேட்பார்: “வாங்க வாத்துக்காரரே. சர்க்கரையா? பொண்டாட்டி போனாலும் காப்பிக்கு இனிப்பு வேணுமில்ல.” அப்பா சர்க்கரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. ஏன் வரவில்லை என்று நானும் கேட்கவில்லை. படிக்கப் போனேன், பெர்கன் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கப்பல் எஞ்சின்களின் அதிர்வை அளப்பது என் தொழில். எது எதனால் நடுங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

போன வருஷம் பிப்ரவரியில் அப்பா போன் செய்தார்.

“தூருன், கூரையில ரெண்டு பலகை போயிடுச்சு. கடற்பாசி வேற புரட்டணும்.”

“ஆளை வெச்சுக்கோங்கப்பா.”

“மூச்சு வாங்குது.”

அவர் அதுவரை எதையும் கேட்டதில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு மார்ச்சில் வந்தேன். கூரை முடித்தேன், கல்வீடுகளுக்குப் பாசி வைத்தேன். ஏப்ரல் நடுவில் சுத்தியலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். அவருடைய சாம்பல்நீலச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டை செய்வதை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, கடையில் இருந்ததை எல்லாம் வாங்கிவந்து அடுக்கி வைத்திருந்தார். வாளி தூக்கப் பழகினேன். ஜன்னலருகே நாற்காலி போட்டு அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மே மாதம் ஒரு காலையில் கேட்டார்: “படிக்காரி இருக்காளா?”

வாசற்படிக்கு அடியில் அடைகாக்கும் கிழட்டு ஏயாவுக்கு அவர் வைத்த பேர் அது.

“இருக்காப்பா.”

“மூணாவது படியில கால் வெக்காத. கிறீச்சுங்கும்.”

“தெரியும்ப்பா.”

நான் ஒரு சுற்று போய் வந்தபோது அவர் நாற்காலியில் இறந்திருந்தார். கைகள் முழங்கால்மேல் இருந்தன. கால்கள் அசையவில்லை. நான் நின்று பார்த்தது அவற்றைத்தான்.

மருத்துவர் துடுப்புப் படகில் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டுப் போனார். பிறகு பேதர் மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமாவின் மகன் லெய்ஃப் துடுப்பு போட்டான். அத்தை சமையலறைக்குள் வந்து, அண்ணன் முகத்தைப் பார்த்து, என்னைக் கட்டிக்கொண்டு, ரகசியக்குரலில் பேச ஆரம்பித்தார். அந்த ரகசியம் அடுத்த அறையில் கேட்கும்.

“மெதுவா அத்தை. படிக்காரி கீழ இருக்கா.”

“இதைவிட மெதுவா எனக்கு வராதுடி. என் தொண்டையை ஆண்டவன் திறந்தே படைச்சுட்டான்.”

காப்பி ஊற்றினேன். பேதர் மாமா சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சினார். அவருக்கு எழுபது தாண்டியாயிற்று. அப்பாவின் ஒரே சிநேகிதர்.

“வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம். காத்து இருக்காது” என்றார். “பெட்டியைக் கொண்டாந்துடறேன். பாதிரியாரம்மாவும் வர்றேன்னாங்க. கேள்வி என்னன்னா, யாரு இங்க இருக்கறது?”

ஆள் இல்லாத தீவை அண்டங்காக்கை உடனே கண்டுகொள்ளும். தேவாலயத்துக்குப் போய், புதைத்து, திரும்ப ஒரு பகல் ஆகும். அந்தப் பகலில் தீவு துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும்.

“நான் இருக்கேன்” என்றேன். “என்னைத்தான் அதுங்களுக்குத் தெரியும்.”

“வாயை மூடு” என்றார் அத்தை. இதற்கு ரகசியக்குரல் இல்லை. படிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. மூவரும் மூச்சைப் பிடித்தோம். அடங்கிற்று. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஊட்னியை அனாதை மாதிரி அனுப்புனான் இவன். இந்த வீட்டுல ரெண்டாந்தடவை அது நடக்காது. நீ மண்ணு போடணும். நீ ஒருத்திதான் இருக்கே.”

“அப்ப ஏயா?”

“போகட்டும்.”

“அத்தை.”

“போகட்டும்னேன். அவன் பொண்டாட்டியைவிட ஒசத்தியா வெச்சிருந்தான். பொண்ணைவிடவும் ஒசத்தியா?”

“நம்ம லெய்ஃப் இருக்கட்டுமே” என்றார் பேதர் மாமா.

வெளியே படகுத்துறையில் லெய்ஃப் இருமுவது கேட்டது. படகுக்கட்டை உடைவதுபோல் இருமுவான். அத்தையே சிரித்துவிட்டார்.

பேச்சு முடியாமலே அவர்கள் கிளம்பினார்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. மண் போட வேண்டும். அப்பா காத்து வந்ததை அவரைப் புதைக்கும் நாளிலேயே காக்கைக்குக் கொடுக்கக்கூடாது. வெள்ளி வரை நான் எங்கும் நிற்கவில்லை. வாளியோடு சுற்றினேன், வீட்டுக்குள் அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். என் கால் அப்பாவின் பள்ளத்திலேயே போய்க்கொண்டிருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை கடல் தட்டையாகக் கிடந்தது. பெட்டியைப் படகில் துடுப்பு போட்டுக் கொண்டுவந்தார்கள். அத்தை, பேதர் மாமா, லெய்ஃப், பாதிரியார். பாதிரியார் தெற்கிலிருந்து வந்த இளம்பெண். கறுப்பு அங்கியை மடித்துப் பைக்குள் வைத்திருந்தார். கரையிலேயே நால்வருக்கும் அப்பாவின் சட்டைகளைக் கொடுத்தேன்.

பேதர் மாமாவுக்குப் பொத்தான் எட்டவில்லை.

“மூச்சை உள்ள இழு பேதர்” என்றார் அத்தை.

“அம்பது வருஷமா உள்ளதான் இழுத்துக்கிட்டிருக்கேன்.”

“அப்ப வெளிய விடு. ஏதாவது நடக்கட்டும்.”

பாதிரியாருக்குக் கை விரல்நுனி வரை மறைந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. “எதைச் செய்யக்கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அப்பாவைப் பெட்டியில் வைத்தோம். மூடிக்கு ஆணி அடிக்க முடியாது. திருகாணிகள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மெழுகுவத்தியில் ஒவ்வொன்றையும் தேய்த்தேன். மெழுகு இல்லாவிட்டால் உலர்ந்த பைன் மரத்தில் இரும்பு கத்தும். கையால் முடுக்கினேன். கால் சுற்று, நிறுத்தம், கால் சுற்று. வேலையில் ஆயிரம் திருகாணி முடுக்கியிருக்கிறேன். எவ்வளவு முடுக்கினால் போதும் என்று கைக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

“போதும்டி” என்றார் அத்தை. “அவன் எழுந்து ஓடமாட்டான்.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

படிகளில் ஆட்டுத்தோல் விரித்தேன். பேதர் மாமாவும் லெய்ஃபும் முன்னால், நானும் பாதிரியாரும் பின்னால். அத்தை வெறுங்கையோடு முன்னே நடந்தார். படிக்காரியின் தலைக்கு மேலேதான் அப்பா இறங்க வேண்டும். வேறு வழி இல்லை. ஜன்னலைப் பெயர்க்கச் சுத்தியல் வேண்டும். மூன்றாவது படியை எல்லோரும் தாண்டினார்கள். லெய்ஃபின் முகம் சிவந்து நரம்பு புடைத்தது, இருமலை விழுங்கிக்கொண்டிருந்தான். படி இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன். பழுப்பு முதுகு, பாசிக்குள் அழுந்திய அலகு. கண் திறந்திருந்தது. அவள் எழவில்லை.

கிணற்றடி தாண்டினோம். கவிழ்த்த படகு தாண்டினோம். அங்கே உட்கார்ந்திருந்த இரண்டும் தலையை மட்டும் திருப்பின. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, படகுக்கொட்டகைக்கு முன்னால் பாதையோரக் கல்வீட்டிலிருந்து ஒன்று எழுந்து நின்றது.

முழுக்க எழுந்துவிட்டது. கழுத்து நீண்டிருந்தது. அடியில் முட்டைகள் பச்சையாகத் தெரிந்தன. மேலே கடற்காகம் ஒன்று வட்டத்தைச் சுருக்கியது.

நாங்கள் நின்றோம். பெட்டியின் கனம் தோளில் இறங்கியது. பின்னால் கவிழ்த்த படகின் அடியிலும் ஏதோ அசைந்தது. ஒன்று கிளம்பினால் வரிசையாகக் கிளம்பும்.

“என்னடி இதுக்கு?” என்று அத்தையின் உதடு அசைந்தது. குரல் வரவில்லை. அத்தைக்குக் குரல் வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

அத்தனை சட்டை கொடுத்தேன், தோல் விரித்தேன், மெழுகு தேய்த்தேன். ஹில்மார் எப்படி நடப்பார் என்பதை விட்டுவிட்டேன்.

“வாளி” என்றேன்.

அத்தை திரும்பினார். பெட்டிக்குப் பக்கமாக நழுவி, கிணற்றுக்குப் போனார். வாழ்நாள் முழுக்கக் கதவை அறைந்து சாத்திய பெண்மணி, வாளியைக் கல்லில் படாமல் இறக்கி விளிம்பு வரை மொண்டு கொண்டு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் எங்களைக் கடந்து முன்னே போனார். நின்ற ஏயா வாளியைப் பார்த்தது. சாம்பல்நீலத்தைப் பார்த்தது. ஒரு முனகலோடு உடம்பை ஆட்டி முட்டைகளைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது.

அவர் பின்னாலேயே கரை வரை போனோம். அப்பாவைப் படகில் வைத்தோம். நான் வாளிக்காகக் கை நீட்டினேன். நான் இருப்பது, அவர் போவது என்றுதான் என் கணக்கு. அத்தை வாளியை மறுபக்கம் நகர்த்திக்கொண்டார்.

“ஏறு.”

“நீங்க எப்படி அத்தை? மூணு மாசம் வாயை மூடுனா செத்துடுவேன்னவங்க.”

“ஒரு பகல்தானே. அரைச் சாவு.” பேதர் மாமாவைப் பார்த்தார். “பாத்துக்கிட்டு நிக்கறே. தள்ளு.”

திரும்பிப் பாதையில் ஏறிவிட்டார். குட்டையான உருவம், முழங்கால் வரை தொங்கும் சட்டை, ஒரு பக்கம் சாய்ந்த தோள். படகு நகர்ந்தபோது அவர் கொட்டகையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போகும் நடையை வாளி பிடித்து வைத்திருந்தது.

புதைத்ததைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் குழி. பாதிரியார் அங்கியை எடுத்துப் போட்டுக்கொள்ள மறந்து அப்பாவின் சட்டையிலேயே ஜெபம் சொன்னார். மண் போட்டேன். பாடினார்கள். என் கண் மேட்டுக்குக் கீழே கடலில் இருந்தது. ஊத்தர்வேர் ஒரு கோடாகத் தெரிந்தது. அதன்மேல் புள்ளிகள் சுற்றுகின்றனவா என்று பார்த்தேன். அந்தத் தூரத்தில் கடற்காகம் தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேவாலயக் கூடத்தில் காப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். நின்றபடி ஒரு வாய் குடித்தேன். ஒரு கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரும்மா” என்றார். உட்காரவில்லை. “ஹில்மார் மகதான்” என்று யாரோ சொன்னார்கள்.

பேதர் மாமாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

திரும்பி வந்து வெளிப்பாறையில் எஞ்சினை நிறுத்தியதும் காது கொடுத்துக் கேட்டோம். ஆலாக்களின் கத்தல். அதற்குக் கீழே ஏயாக்களின் முனகல், தூங்குகிறவர் புரள்வதுபோல. கூச்சல் இல்லை. கரையேறி மெதுவாகப் போனேன். அத்தை படகுக்கொட்டகை வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். வாளி பக்கத்தில் இல்லை.

“ஒண்ணு போச்சு” என்றார். நிஜமான ரகசியக்குரல். “மேலண்டைக் கூட்டுல இருந்தது. நான்தான். அவகிட்ட ஹில்மாரைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன். கொஞ்சம் சத்தமாயிடுச்சு. எழுந்து போயிட்டா.”

“மத்ததெல்லாம்?”

“இருக்கு. ஒவ்வொண்ணாப் போய்ப் பாத்தேன். படிக்காரி என்னை முறைக்கறா.” எழுந்தார். “உள்ள வா. ஒண்ணு காட்டணும்.”

கொட்டகையின் தென்சுவரில் கண் உயரத்தில் ஒரு சின்ன கதவு உண்டு. புத்தகம் அளவுதான். தோல் கீல், மரத் தாழ்ப்பாள். அது எனக்குத் தெரிந்ததுதான், காற்றுக்காக வைத்தது. அத்தை அதைத் திறந்திருந்தார். அப்பாவின் பழைய தொலைநோக்கி அதன் விளிம்பில் இருந்தது.

“சுத்திக்கிட்டே இருந்தேன். கால் கடுத்துச்சு. இதுக்குள்ள வந்தேன். பாரு.”

பார்த்தேன். தண்ணீர், இரண்டு பாறை, அவற்றின் நடுவே வேகா. அதில் தேவாலய மேடு. தொலைநோக்கியை வைத்தேன். வெள்ளைச் சுவர், கல்வரிசை, புதிய மண். யாரோ ஒருவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து போனார்.

“உங்க எல்லாரையும் பாத்தேன்” என்றார் அத்தை. “பேதர் பொத்தான் போடாம நின்னான். நீ மண்ணு போட்டே. அப்புறம் இந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தே.”

நான் ஓட்டையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அம்மா இறந்த வருஷம் ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஏப்ரல் தொடக்கம். அப்பாவும் நானும் இந்தச் சுவருக்குத் தார் பூசினோம். அப்போது இந்த ஓட்டை புதிது. அறுத்த மரம் வெள்ளையாக இருந்தது, கீழே மரத்தூள் கிடந்தது. இது எதுக்குப்பா என்றேன். காத்துக்கு என்றார். அம்மா மருத்துவமனையில் இருந்தாள். கோடையில் வந்துவிடுவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அப்பாவுக்கு வேறு சொல்லியிருக்கிறார்கள். வசந்தம் தாண்டாது என்று. வசந்தத்தில் ரம்பம் தொட முடியாது. அதனால் முன்கூட்டியே அறுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

அத்தையிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார், பிறகு தரையை. ஓட்டைக்குக் கீழே பலகையில் துரு வளையங்கள். வாளியின் அடி வட்டம், ஒன்றின்மேல் ஒன்றாக, நிறம் மங்கியதும் மங்காததும். தீவில் வேறு எங்கும் அவர் வாளியைக் கீழே வைத்ததில்லை. கிணற்றில் மொள்வார், கிணற்றில் கொட்டுவார். இங்கே வைத்திருக்கிறார். அம்மாவைப் புதைத்த அன்றைக்கு மட்டும் இல்லை, வருஷாவருஷம் வைத்திருக்கிறார். அத்தையின் வாளியும் இப்போது அந்த வளையத்தில்தான் இருந்தது.

“சர்க்கரையோட சேத்து வெஷத்தையும் பொட்டலம் கட்டிக் குடுத்தேன்” என்றார் அத்தை. “ஒரு வார்த்தை சொன்னானா. முட்டாப்பய.”

வெளியே கல்வீட்டில் ஏயா முனகியது. அத்தை அழத் தொடங்கினார். சட்டையின் கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல், நெடுநேரம். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேலண்டைக் கூட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. முட்டைகள் குளிர்ந்திருந்தன. மற்ற கூடுகளில் கை வைக்கவில்லை. அவற்றில் ஏயாக்கள் உட்கார்ந்திருந்தன.

அத்தை வேகாவுக்குத் திரும்பவில்லை. கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு ஜூன் முழுக்க இருந்தார். ஒருவர் சுற்றி வரும்போது மற்றவர் சமைத்தோம். படிக்காரி நான்கு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பகலில் இறங்கினாள். வழியில் ஒன்று கல்லிடுக்கில் விழுந்தது. அத்தை அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தண்ணீர் வரை போய் விட்டார். திட்டிக்கொண்டேதான் போனார். படிக்காரி மிரளவில்லை.

கடைசிக் குஞ்சு இறங்கிய அன்று கருவிப்பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் மரத்துண்டில் ஆணித் தலைகள் நெருக்கமாக, துருவேறி இருந்தன. இடம் தேடி அடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. அன்று பக்கத்துத் தீவில் பேதர் மாமாவுக்கு வழக்கமான வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டதாம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தாராம்.

இது மார்ச். அத்தை ஊத்தர்வேரில் இருக்கிறார், நான் பெர்கனில். நேற்று போன் செய்தார்.

“கொட்டகையில தென்சுவருக்குத் தார் பூசணும். சீக்கிரம் வா. ஏப்ரல் வந்துட்டா கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும்.”

“ஞாயிறு வரேன் அத்தை. அந்த ஓட்டை?”

“அதுக்குக் கீலு மாத்தணும். தோலு போயிடுச்சு. நீ நல்லதா ஒண்ணு கொண்டா, சத்தம் போடாததா.” பிறகு கேட்டார்: “அதுங்க வருமாடி? இது நான்னு தெரிஞ்சும்?”

“வாளியைத் தூக்கிக்கோங்க.”

“தூக்கித்தான் பழகிக்கிட்டிருக்கேன். மெதுவாப் பேசவும் பழகிட்டேன். கேக்குதில்ல?”

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன். கேட்கிறது என்றேன். பித்தளைக் கீல் ஒன்றும் எண்ணெய்க் குப்பியும் பையில் வைத்தாயிற்று. ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.